பாதி பேர் ஆபீஸில், பாதி பேர் வீட்டில்: சிறு நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பாதுகாப்பாக அமைக்க முழு வழிகாட்டி

பெங்களூருவில் 15 முதல் 50 பேர் வரை வேலை செய்யும் ஓர் ஆபீஸின் நெட்வொர்க் உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி பேர் ஆபீஸுக்கு வருகிறார்கள். மீதிப் பேர் ஓசூர் வீட்டிலிருந்தோ, எலெக்ட்ரானிக் சிட்டி பிஜியிலிருந்தோ, பொங்கலுக்குப் போன இடத்தில் சேலத்திலிருந்தோ வேலை பார்க்கிறார்கள். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஆபீஸுக்குத்தான்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் நேராக எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஃபயர்வால் பெட்டி (எந்த டிராஃபிக் உள்ளே வரலாம், வெளியே போகலாம் என்று விதிப்படி தடுக்கும் கருவி) வாங்கி வந்து மாட்டுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது நான்காம் படியில் வர வேண்டிய வேலை. யார், எந்தக் கருவியில், எதை எட்டுகிறார்கள் என்று தெரியாமல் பெட்டிக்குள் எந்த விதியையும் எழுத முடியாது. எழுதினாலும், யாராவது "வேலை நிக்குது சார்" என்று போன் செய்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டிவரும். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முன்னதாகக் கையில் இருக்க வேண்டியவை

ரவுட்டர், ஸ்விட்ச், வைஃபை பெட்டி ஒவ்வொன்றின் அட்மின் பாஸ்வேர்டும் வேண்டும். அப்புறம் இணைய இணைப்பின் வாடிக்கையாளர் எண், அதில் பதிவான மொபைல் எண், கம்பெனியின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம். இந்த டொமைன் விஷயத்தை முதலிலேயே பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் டொமைன் கிடப்பது சிறு நிறுவனங்களில் சகஜம். டொமைன் யார் கையில் இருக்கிறதோ, கம்பெனியின் மெயிலும் கடைசியில் அவர் கையில்தான்.

ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது இணைய முகவரி, ஒன்று வேண்டும். ரவுட்டரின் வேன் (WAN, இணைய இணைப்பு) பக்கத்தில் தெரியும் முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், இணைப்பு தருபவர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார் என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் உங்கள் ஆபீஸை நேரடியாக எட்ட முடியாது, விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை) வழியாகவும் கூட. இது தெரியாமல் விபிஎன் அமைப்பையே திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. ஸ்டேட்டிக் ஐபிக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். முதலாளியிடம் காரணத்தைச் சொல்லி முன்பே வாங்கிவிடுங்கள்.

மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து அமைப்பை மாற்றக்கூடிய ஸ்விட்ச்) ஒன்றும், விலானும் (VLAN, ஒரே வயரிங்கைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) விபிஎன்னும் செய்யத் தெரிந்த ஃபயர்வால் ஒன்றும் வேண்டும். எந்த மாற்றத்துக்கும் சனிக்கிழமை சாயங்காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரத்தில் எதையும் தொடாதீர்கள்.

1. நடந்து பார்த்துப் பட்டியல் போடுங்கள்

ரவுட்டரின் டிஎச்சிபி பட்டியலை (எந்தக் கருவிக்கு எந்த முகவரி கொடுத்தது என்ற பட்டியல்) அச்செடுத்துக்கொண்டு ஆபீஸை ஒரு சுற்று சுற்றுங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் கண்ணில் படுகிறதா, கண்ணில் படுவதெல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் ஒத்துப் பாருங்கள்.

பீன்யா பக்கம் ஒரு பட்டறை ஆபீஸில் பார்த்தது இது. பிரிண்டருக்குப் பின்னால், தூசி படிந்து, ஒரு பழைய வீட்டு ரவுட்டர். வைஃபை சிக்னல் எட்டவில்லை என்று யாரோ எப்போதோ மாட்டியது. அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. காலையில் அதனிடம் முகவரி வாங்கிய கம்ப்யூட்டருக்கு அன்று முழுக்க நெட் வராது. ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் வரும். அங்கிருந்தவர்கள் இணைப்பு கொடுத்தவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். காலால் நடக்காமல் இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வொரு கருவிக்கும் பெயர், இடம், யார் பொறுப்பு, மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் வன்பொருளுக்குரிய எண்), கடைசியாக அப்டேட் ஆன தேதி என்று எழுதுங்கள். சிசிடிவி பெட்டி, விரல் ரேகை வருகைப் பதிவு மெஷின், மீட்டிங் அறை டிவி எல்லாம் கம்ப்யூட்டர்தான், விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களிடம் எந்த லேப்டாப், கம்பெனியுடையதா சொந்தமா, எந்த விண்டோஸ் என்று கேட்டு எழுதுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் ஓடுபவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கடைசியாக, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் விதிகள்) பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் படம் எடுத்து வையுங்கள். இப்போதைக்கு எதையும் மூட வேண்டாம். ஐந்தாம் படியில் இதற்குத் திரும்ப வருவோம்.

2. மெயில் கணக்குகளைப் பூட்டுங்கள்

ஏன் நெட்வொர்க்குக்கு முன்னால் மெயில்? மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மெயில் வழியாகத்தான் மாற்ற முடியும். மெயில் போனால் வங்கி, கிளவுட், டொமைன் எல்லாம் பின்னாலேயே போகும். அதோடு, வீட்டிலிருந்து வேலை செய்பவர் கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ மைக்ரோசாஃப்ட் 365இலோ நுழையும்போது உங்கள் ஃபயர்வாலைத் தொடுவதே இல்லை.

எல்லோருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். முதலில் அட்மின், அடுத்து முதலாளி, அடுத்து அக்கவுண்ட்ஸ், பிறகு மற்றவர்கள். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. சிம்மை ஏமாற்றி மாற்றி வாங்குபவர்களிடம் எஸ்எம்எஸ் நேராகப் போய்விடும். அட்மின் கணக்குக்கு மட்டுமாவது யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி வாங்குங்கள். போலி லாகின் பக்கத்தில் ஆறு இலக்க எண்ணை ஒருவர் ஏமாந்து தட்டிவிடலாம். சாவி அந்தப் பக்கத்துக்குப் பதிலே சொல்லாது.

அட்மின் கணக்கு இரண்டு பேரிடம் இருக்கட்டும். அதில் தினசரி மெயில் பார்க்க வேண்டாம். ரெக்கவரி கோடுகளை அச்செடுத்து உறையில் போட்டு ஆபீஸ் லாக்கரில் வையுங்கள்.

இங்கே எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. அக்கவுண்ட்ஸ் மெயில் ஐடியை மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் பயன்படுத்துவார்கள். ஓடிபி ஒருவர் போனுக்குப் போகும். அவர் ரயிலில் இருப்பார். உடனே "இந்த ஓடிபியே வேண்டாம், எடுத்துடுங்க" என்பார்கள். எடுக்காதீர்கள். அந்த ஐடியை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றி, மூவரும் அவரவர் கணக்கிலிருந்து அதைத் திறக்கும்படி செய்யுங்கள். யார் எந்த மெயிலை அனுப்பினார்கள் என்பதும் அப்போதுதான் தெரியும்.

கூடவே டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் டொமைன் பதிவுகள்) மூன்றையும் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் உங்கள் வாடிக்கையாளருக்குப் போலி இன்வாய்ஸ் அனுப்பலாம். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். எடுத்த எடுப்பில் நிராகரிப்பு நிலைக்குப் போனால், பில்லிங் சாஃப்ட்வேர் அனுப்பும் உங்கள் சொந்த மெயிலே போய்ச் சேராது.

3. லேப்டாப்பைச் சரிசெய்யுங்கள்

விபிஎன் கொடுத்துவிட்டால் அந்த லேப்டாப் ஆபீஸுக்குள் உட்கார்ந்த மாதிரிதான். அதில் இருக்கும் வைரஸுக்கும் அதே வழி கிடைக்கும். அதனால் லேப்டாப் முதலில், விபிஎன் பிறகு.

ஒவ்வொன்றிலும் டிஸ்க் என்கிரிப்ஷன் ஓட வேண்டும்: விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். மெஜஸ்டிக்கிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் பை காணாமல் போனால், போனது கருவி மட்டும்தான், தகவல் இல்லை என்று அப்போதுதான் சொல்ல முடியும். ரெக்கவரி கீயை அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையில் கீ கேட்கும் நாளில் அந்த ஃபைலைத் திறக்க வழியே இருக்காது. கீ உங்கள் பொறுப்பில், வேறு இடத்தில் இருக்கட்டும்.

தினசரி வேலைக்குச் சாதாரணப் பயனர் கணக்கு போதும். அட்மின் உரிமையை எடுத்துவிடுங்கள். ஆட்டோ அப்டேட், திரைப்பூட்டு இரண்டையும் கட்டாயமாக்குங்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களுக்கு விபிஎன் கொடுக்க வேண்டாம். மெயில், ஆன்லைன் டாக்குமெண்ட் என்று பிரவுசரில் முடிவதை மட்டும் அனுமதியுங்கள்.

4. ஆபீஸ் நெட்வொர்க்கைப் பிரியுங்கள்

இப்போது ஃபயர்வாலுக்கு வேலை வந்துவிட்டது. எல்லாக் கருவியும் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தால், டீஃபால்ட் பாஸ்வேர்டோடு இருக்கும் சிசிடிவி பெட்டி வழியாக டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) சர்வரைத் தொட முடியும். நான்காகப் பிரியுங்கள்: ஊழியர், சர்வர், கருவிகள், விருந்தினர்.

முகவரியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த இடத்தில் செய்யும் தவறு மாதக்கணக்கில் துரத்தும். ஆபீஸில் 192.168.1.0 அல்லது 192.168.0.0 வரிசையை வைக்காதீர்கள். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை அந்த இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்துகின்றன. டேலி சர்வர் 192.168.1.10 என்று இருந்து, ஊழியர் வீட்டு நெட்வொர்க்கும் 192.168.1 வரிசையாகவே இருந்தால், அவர் லேப்டாப் அந்த முகவரியை வீட்டுக்குள்ளேயே தேடும், விபிஎன்னுக்குள் அனுப்பாது. விபிஎன் கனெக்ட் ஆகிவிட்டது என்று காட்டும், டேலி திறக்காது. ஒருவருக்கு வேலை செய்யும், இன்னொருவருக்குச் செய்யாது. அதே நபர் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் சரியாகிவிடும். இந்த அறிகுறிகளைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம், முகவரி மோதல்தான்.

10இல் தொடங்கும் வரிசையில், நடுவில் யாரும் எளிதில் தேர்ந்தெடுக்காத ஓர் எண்ணை எடுங்கள். உதாரணமாக ஊழியருக்கு 10.37.10.0, சர்வருக்கு 10.37.20.0, கருவிகளுக்கு 10.37.30.0, விருந்தினருக்கு 10.37.40.0. விலான் எண்ணும் 10, 20, 30, 40 என்றே இருந்தால் பின்னால் வருபவருக்கும் புரியும்.

செய்யும் வரிசை இப்படி: ஃபயர்வாலில் விலான்களை உருவாக்குங்கள். பிறகு ஃபயர்வாலுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே உள்ள போர்ட்டை டிரங்க் (எல்லா விலானும் ஒரே கேபிளில் போகும் போர்ட்) ஆக்குங்கள். அப்புறம் ஒரே ஒரு கம்ப்யூட்டரை மாற்றிச் சோதியுங்கள். அது சரியென்றால் மற்றவை. ஸ்விட்சில் ஒரு போர்ட்டை மட்டும் பழைய நிலையிலேயே விட்டு, உங்கள் லேப்டாப்பைக் கேபிளில் அதில் செருகி வையுங்கள். டிரங்க் அமைப்பில் ஓர் எண் தவறினால் ஸ்விட்சுக்குள் நுழைய அந்த ஒரு வழிதான் மிஞ்சும்.

விலான்களுக்கு நடுவே எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறங்கள். ஊழியரிலிருந்து டேலி சர்வருக்கு டேலியின் போர்ட் (சாஃப்ட்வேர் கேட்கும் எண், மாற்றாமல் இருந்தால் 9000), ஊழியரிலிருந்து பிரிண்டருக்கு 9100, இப்படி. ஏதாவது ஓடவில்லை என்றால் "தற்காலிகமாக எல்லாம் அனுமதி" என்று ஒரு விதி போடத் தோன்றும். அந்த விதியை எடுக்க யாருக்கும் பிறகு நினைவிருக்காது. ஃபயர்வால் லாகில் (நடந்தவற்றின் பதிவு) எது தடுக்கப்பட்டது என்று பார்த்து, அதை மட்டும் திறங்கள்.

பிரிண்டர் ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்புவது நின்றுவிட்டால், பழைய எஸ்எம்பி 1 என்ற ஃபைல் பகிரும் முறையை அது கேட்கிறதா என்று பாருங்கள். அதற்காக சர்வரில் அந்த முறையைத் திறந்துவிடக் கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் புரோகிராம்) பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றிவிடுங்கள்.

5. விபிஎன் முதலில், பழைய வாசலை மூடுவது பிறகு

முதல் படியில் எடுத்த போர்ட் ஃபார்வர்டிங் படத்தை இப்போது எடுங்கள். 3389 என்று ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். ஆடிட்டரோ அக்கவுண்டண்டோ வீட்டிலிருந்து டேலி பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்தில் திறந்துவிட்ட வழி அது. ரான்சம்வேர் கும்பல்கள் முதலில் தட்டிப் பார்க்கும் கதவும் அதுதான். போர்ட் எண்ணை 33890 என்று மாற்றி வைத்தால் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் அதை இன்றே மூடினால் நாளை காலை வேலை நிற்கும். வேலை நின்றால் ஊழியர்கள் இலவச ரிமோட் ஆப் ஏதாவது ஒன்றைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். அது உங்கள் கண்ணுக்கே தெரியாது. அதனால் விபிஎன்னை அமைத்து, ஒவ்வொருவரையும் அதற்கு மாற்றி, ஒரு வாரம் ஓடவிட்டு, யாரும் பழைய வழியில் வரவில்லை என்று லாகில் பார்த்த பிறகு மூடுங்கள். இந்த ஒரு வாரத்தை மாதமாக நீட்டாதீர்கள். மூடும் தேதியை முன்பே எல்லோருக்கும் மெயிலில் சொல்லிவிடுங்கள்.

வயர்கார்டு என்ற விபிஎன் எளிது, வேகமும் நன்றாக இருக்கும். வழக்கமாக யூடிபி 51820 போர்ட்டில் ஓடும். ஆளுக்கு ஒன்று அல்லாமல் கருவிக்கு ஒன்றாகச் சாவி உருவாக்குங்கள். லேப்டாப் தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் நீக்கினால் போதும். வயர்கார்டுக்குள் பாஸ்வேர்டோ ஓடிபியோ கிடையாது. சாவி ஃபைலை வைத்திருப்பவர் உள்ளே வரலாம். அது போதாது என்று தோன்றினால், ஓடிபி கேட்கும் விபிஎன் உங்கள் ஃபயர்வாலிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் படியில் டிஸ்கைப் பூட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

10.37.0.0/16 வரிசைக்கு (10.37 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும்) போகும் டிராஃபிக் மட்டும் விபிஎன்னுக்குள் போகட்டும். வீடியோ காலும் யூடியூபும் வீட்டு இணைப்பிலேயே போகட்டும். எல்லாவற்றையும் ஆபீஸ் வழியாகச் சுற்றவிட்டால், திங்கள் காலை மீட்டிங்கில் எல்லோர் குரலும் வெட்டி வெட்டி வரும்.

சோதனையை ஆபீஸ் வைஃபையில் இருந்துகொண்டு செய்யாதீர்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து செய்யுங்கள். உள்ளே இருந்து ஓடுவது வெளியிலிருந்தும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிங் போகிறது, சின்னப் பக்கம் திறக்கிறது, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) குறையுங்கள். வயர்கார்டில் வழக்கமான 1420இலிருந்து 1380, அதுவும் போதாவிட்டால் 1280.

ஆடிட்டருக்குத் தனிக் கணக்கு, டேலி சர்வர் மட்டும் தெரியும்படி ஒரு விதி, முடியும் தேதி. ஃபயர்வாலின் அட்மின் பக்கம் இணையப் பக்கத்திலிருந்து திறக்கவே கூடாது. வீட்டிலிருந்து மாற்றம் செய்ய வேண்டுமா? நீங்களும் விபிஎன் வழியாகவே வாருங்கள்.

6. இரண்டாவது இணைப்பும் கரண்டும்

ரோடு தோண்டினால் ஃபைபர் அறுபடும். இந்த ஊரில் அது புதிதல்ல. இரண்டு கம்பெனியிடம் இணைப்பு வாங்கினாலும், இரண்டு வயரும் ஒரே கம்பத்தில் வந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டாவது இணைப்பிலும் விபிஎன் ஓட வேண்டுமானால் அதற்கும் ஸ்டேட்டிக் ஐபி வேண்டும்.

ஃபயர்வாலுக்கும் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு, சுவரில் தொங்கும் ஃபைபர் மோடத்தைச் சாதாரண பிளக்கில் விட்டுவிடுவார்கள். அதையும் யூபிஎஸ்ஸில் சேருங்கள்.

7. வீட்டுக்கு ஒரு பக்கக் குறிப்பு

ஊழியர் வீட்டு ரவுட்டரை நீங்கள் நிர்வகிக்க முடியாது. ஒரே பக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள்: ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றவும், டபிள்யூபிஎஸ்ஸை (பட்டன் அல்லது பின் எண் மூலம் வைஃபையில் சேரும் வசதி) அணைக்கவும், ஆபீஸ் லேப்டாப்பை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். பிஜி வைஃபையின் பாஸ்வேர்ட் வரவேற்பறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். அங்கே இருப்பவர்கள் முடிந்தவரை தங்கள் போன் ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்தட்டும்.

8. பேக்கப், அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று ஆபீஸுக்கு வெளியே. இது பலருக்கும் தெரியும். இடறுவது வேறு இடத்தில். பேக்கப் போகும் நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புக் கருவி) எல்லாக் கம்ப்யூட்டரிலும் 'இசட்' டிரைவாக மாட்டி வைத்திருப்பார்கள். ரான்சம்வேர் அந்த டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். பேக்கப்புக்கென்று தனிக் கணக்கு வைத்து, அதன் பாஸ்வேர்ட் எந்த ஊழியர் கம்ப்யூட்டரிலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேலி டேட்டா ஃபோல்டரை வேறொரு கம்ப்யூட்டரில் திரும்ப எடுத்து, அக்கவுண்டண்டை உட்காரவைத்துக் கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "பேக்கப் வெற்றி" என்று வரும் மெயிலை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது.

9. லாகும் ஆறு மணி நேரமும்

இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, அதில் பட்டியலிட்ட சைபர் சம்பவங்களைத் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சிறிய ஃபயர்வாலின் சொந்த நினைவகத்தில் அத்தனை நாள் லாக் நிற்காது. ஒரு சிறிய சர்வருக்கு சிஸ்லாக் வழியாக அனுப்பிவிடுங்கள்.

அதற்கு முன் எல்லாக் கருவியிலும் நேரத்தை என்டிபி மூலம் ஒன்றாக்குங்கள். சிசிடிவியில் ஒரு நேரம், ஃபயர்வாலில் ஒரு நேரம் என்று இருந்தால், எது முதலில் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்கு முன் தடுக்க வாய்ப்பு உண்டு. யார் அழைப்பது, யார் கம்ப்யூட்டரின் நெட் கேபிளைப் பிடுங்குவது என்று ஒரு தாளில் எழுதி ராக்கின் கதவில் ஒட்டுங்கள். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள். என்ன நடந்தது என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கும்.

10. வேலையை விட்டுப் போகிறவர், மாதாமாதம் பார்ப்பது

ஒருவர் விலகும் நாளில் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் போனில் ஏற்கெனவே திறந்திருக்கும் மெயில் சில நேரம் அப்படியே தொடர்ந்து ஓடும். முதலில் கணக்கை முடக்குங்கள், அடுத்து எல்லா லாகினையும் வெளியேற்றுங்கள், பிறகு விபிஎன் சாவி, அப்புறம் வைஃபை பாஸ்வேர்ட், கடைசியில் லேப்டாப்பைக் கையில் வாங்குங்கள். மெயிலை அழிக்க வேண்டாம். அவர் மேலாளருக்குப் போகும்படி திருப்பிவிடுங்கள்.

மாதத்தில் ஒரு நாள் ஃபயர்வால், ஸ்விட்ச், வைஃபை பெட்டி, சிசிடிவி ஆகியவற்றுக்குப் புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே நாளில் வீட்டிலிருந்து, விபிஎன் இல்லாமல், உங்கள் ஆபீஸ் ஸ்டேட்டிக் ஐபியை என்மேப்பில் (திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடும் புரோகிராம்) ஸ்கேன் செய்து, கிடைத்த பட்டியலைப் போன மாதத்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சாதாரண ஸ்கேனில் டிசிபி போர்ட்டுகள் மட்டுமே தெரியும், யூடிபி போர்ட்டுகள் தெரியாது என்பதால், ஃபயர்வாலின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். புதிதாக ஒரு போர்ட் திறந்திருந்தால், யார் கேட்டு, எதற்காகத் திறந்தது என்று அன்றே விசாரியுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் மூடிவிடுங்கள். தேவைப்படுபவர் தானாகவே போன் செய்வார்.